மாத்திரையை நிறுத்திவிட்டு ஆடாதோடை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பத்து நாளாகக் காய்ச்சலும் இருமலும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் தொற்று என்று சொல்லி ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. வயிறு எரிகிறது என்கிறார். மாத்திரையை விட்டுவிட்டு ஆடாதோடை, தூதுவளை, மஞ்சள், மிளகு என்று கொடுங்கள் என உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தியும் சளியோடு இருக்கிறாள்.

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மீதமுள்ள நான்கு நாளும் முடியட்டும். வெறும் வயிற்றில் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். சாப்பிட்ட பிறகு கொடுக்கலாமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். எரிச்சல் தாங்க முடியாவிட்டால் அவரே வேறு மாத்திரை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். காய்ச்சல் விட்டதற்குக் காரணம் அந்த மாத்திரைதான். நுரையீரலுக்குள் கிருமி முழுவதும் ஒழிந்துவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது.

இதைச் சொல்கிற நான் சித்த மருத்துவன். முப்பது ஆண்டுகளாக ஆடாதோடையும் தூதுவளையும் எழுதிக் கொடுத்து வருகிறேன். என் வீட்டு வேலியிலும் இரண்டும் இருக்கின்றன. மூலிகையின் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் சித்தியின் கதையை முதலில் சொல்கிறேன். நான் படித்து முடித்த புதிதில் அவருக்கு விடாத இருமல். நெஞ்சுச்சளி என்று நினைத்து ஆடாதோடைக் குடிநீர் கொடுத்தேன். இரண்டு நாளில் கோழை இளகி வெளியே வந்தது, இரவில் தூங்கினார், "உன் கை ராசியான கை" என்றார். பத்து நாள் கழித்து மறுபடி இருமல், மறுபடி குடிநீர், மறுபடி குறைந்தது. இப்படியே மூன்று மாதம் போனது. எடை இறங்கியதை வயதின் மேல் போட்டோம். கோழையில் இரத்தம் தெரிந்த அன்றுதான் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். காசநோய். ஆறு மாத சிகிச்சையில் குணமடைந்தார். ஆனால் வலது நுரையீரலின் மேல்பகுதி வடுவாகச் சுருங்கியது சுருங்கியதுதான். அதற்குப் பிறகு அவர் மாடிப்படியில் ஒரே மூச்சில் ஏறி நான் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ஆடாதோடை ஏமாற்றவில்லை. தன் வேலையை அது சரியாகச் செய்தது. கோழையை இளக்கியது, இருமலைத் தணித்தது. தணிந்ததால் எங்களுக்கு அவசரம் தோன்றவில்லை. மூலிகையால் பலன் இல்லை என்றால் இரண்டாவது வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். பலன் இருந்ததனால்தான் நாள் கடந்தது. வீட்டு மருந்தில் நான் அஞ்சுகிற இடம் இது.

ஆடாதோடை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆடு தொடாத கசப்பு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இலையில் வாசிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்துத்தான் 1960களில் பிரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அந்த பிரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறி உண்டாகும் பொருளே பிறகு அம்பிராக்ஸால் என்ற தனி மருந்தானது. அம்மாவுக்கு இருமல் டானிக்கும் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். இந்த இரண்டு பெயரில் ஒன்று அநேகமாக இருக்கும். அப்படி இருந்தால் நம் வேலிச் செடியின் பேரப்பிள்ளை ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் மேல் ஆடாதோடைக் குடிநீரும் சேர்த்தால் ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுத்ததாக ஆகும். டானிக்கோ குடிநீரோ ஏதாவது ஒன்று போதும்.

இந்த இரண்டுமே செய்வது கோழையின் பிசுபிசுப்பைக் குறைத்து மேலே ஏற்றி விடுவதுதான். அம்மாவுக்கு வந்திருக்கும் நுரையீரல் தொற்றான நியுமோனியாவில் சிக்கல் அதற்கும் கீழே இருக்கிறது. மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் உள்ளன. கிருமி அங்கே இறங்கி, பைகளுக்குள் காற்றுக்குப் பதிலாக நீரும் சீழும் நிரம்பும்போது ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக வழி அடைபடுகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தது அதுதான். அங்கே இருக்கிற பாக்டீரியாவைக் கொல்லும் அளவுக்கு எந்தக் குடிநீரும் இரத்தத்தில் ஏறுவதில்லை. துளசிச் சாறும் கற்பூரவல்லி எண்ணெயும் ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்வது உண்மை. தட்டில் சொட்டு நேராகக் கிருமியின் மேல் விழுகிறது. குடித்த கஷாயம் வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் கடந்து நுரையீரலை எட்டும்போது அதில் மிஞ்சுவது மிகக் குறைவு.

மஞ்சளைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும், ஏனெனில் அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. 1998-ல் பெங்களூரில் நடந்த ஒரு சோதனையில், தனிக் குர்குமினையே 2 கிராம் கொடுத்தும் இரத்தத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவே இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு 2000 சதவீதம் கூடியது. பைப்பரின் என்பது மிளகின் காரம், திப்பிலியிலும் அதுவே. மஞ்சள் பாலில் மிளகுத்தூளைத் தூவும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனாலும் அரைத் தேக்கரண்டி மஞ்சளில் குர்குமின் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தொண்டைக்கு இதம், தூக்கத்துக்கு நல்லது. நியுமோனியாவுக்கு மருந்து என்று அதைச் சொல்ல என்னால் முடியாது.

மிளகின் இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருந்தைக் கல்லீரலும் குடலும் சிதைப்பதைப் பைப்பரின் தடுக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தோடு பைப்பரினைச் சேர்த்தால் குறைந்த அளவே போதும் என்று ஜம்முவில் உள்ள அரசு ஆய்வு நிறுவனத்தில் கண்டுபிடித்து, வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் கொண்ட கூட்டு மாத்திரையே இந்தியாவில் வந்தது. இதன் பொருள், திப்பிலிச் சூரணமோ, சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணமோ கரண்டிக் கணக்கில் சாப்பிட்டால் கூடவே சாப்பிடும் மாத்திரையின் அளவும் உடலில் மாறக்கூடும். வலிப்புக்கு ஃபெனிடோயின், இளைப்புக்குத் தியோபிலின், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் இவற்றில் எதையாவது அம்மா சாப்பிடுகிறார் என்றால் சூரணம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற பழமொழியில் எண்ணிக்கை பத்துதான் என்பதை நினைவில் வையுங்கள்.

அதிமதுரத்தைப் பற்றியும் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இனிப்பாக இருப்பதாலும் தொண்டைக்கு உடனே இதம் தருவதாலும் நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தையோடு சேர்த்து இதையும் வாங்கி வந்து நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். 63 வயதில் பலருக்கு இரத்த அழுத்த மாத்திரை இருக்கும். அம்மாவுக்கு இருந்தால் அதிமதுரம் வேண்டாம். சித்தரத்தைத் துண்டு ஒன்றை அடக்கிக்கொள்ளட்டும், போதும்.

இனி, அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம் என்று சொல்கிறேன். மாத்திரையோடு கூட, அதற்குப் பதிலாக அல்ல.

டானிக் இல்லையென்றால் ஆடாதோடை இலை ஐந்தைக் கழுவிக் கிள்ளிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை அரை டம்ளராக வற்றவைத்து வடிகட்டி, ஆறியபின் ஒரு தேக்கரண்டி தேன் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு காலையும் மாலையும் ஐந்து நாள் கொடுங்கள். ஆடாதோடைச் சாறு வேண்டுமென்று மிக்ஸியில் போட்டு அரைக்காதீர்கள். அந்த இலையைப் பிட்டவியல் செய்து, அதாவது புட்டுப்போல் ஆவியில் வேகவைத்துத்தான் சாறு பிழிவது வழக்கம். அது கை பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. சர்க்கரை நோய் இருந்தால் தேனை விட்டுவிடுங்கள், கசப்பைப் பொறுத்துக்கொள்ளட்டும். வீட்டில் கர்ப்பிணி யாரேனும் இருந்தால் அவர் இதைத் தொடவே கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

தூதுவளையை நான் மருந்தாகப் பார்ப்பதைவிடச் சாப்பாடாகவே பார்க்கிறேன். காய்ச்சல் விட்ட வாய்க்கு ருசி திரும்புவதே பாதிக் குணம். இரண்டு கைப்பிடி இலையை எடுத்து, இலைக்குப் பின்னால் நடு நரம்பில் இருக்கும் முள்ளைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, ஒரு தேக்கரண்டி நெய்யில் சுருள வதக்குங்கள். மிளகு, சீரகம், நான்கு பல் பூண்டு சேர்த்துத் தட்டி, நெல்லிக்காயளவு புளிக்கரைசலில் விட்டு நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். குழைந்த சோற்றில் பிசைந்து கொடுங்கள். முள்ளை எடுக்கச் சோம்பினால் தொண்டையில் சிக்கும்; இருமுகிறவருக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

பத்தியம் என்ற பெயரில் அவரைப் பட்டினி போடாதீர்கள். முட்டை சூடு, பருப்பு வாயு, பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக விலக்கி, வெறும் கஞ்சியோடு படுக்க வைத்து எலும்பும் தோலுமாக ஆக்கப்பட்ட நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொற்றோடு போராடும் உடல் தன் தசையையே கரைத்துச் செலவு செய்கிறது. முட்டை, பயறு, மீன் எது ஒத்துக்கொள்ளுமோ அதைக் கொடுங்கள். மோர் வேண்டாம் என்றால் விடுங்கள், அதில் நட்டமில்லை.

வேது பிடிப்பது பற்றி. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த நீராவி, மூக்கடைப்புக்கும் தலைபாரத்துக்கும் மிக நல்லது. ஆவி மூக்கிலும் தொண்டையிலும் குளிர்ந்து தண்ணீராகிவிடும்; காற்றுப்பை வரை போகாது. ஆகவே நுரையீரல் தொற்றை ஆவி எரித்துவிடும் என்று நினைத்து அரைமணி நேரம் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். மூச்சுத் திணறலோடு இருக்கும் முதியவர் மயங்கிவிடுவார். பேத்தி அருகில் விளையாடும்போது கொதிநீர்ப் பாத்திரம் தரையில் இருக்கவே கூடாது. வேது பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைத் தீக்காய வார்டில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி இது.

ஒரு வயது தாண்டிவிட்டதால் தேன் கொடுக்கலாம். இரவில் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டி. குழந்தைகளின் இருமலில் முறையாகச் சோதித்துப் பலன் கண்ட வீட்டு மருந்துகளில் தேன்தான் முதலில் நிற்கிறது. ஒரு வயதுக்குள் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து உடலை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். கற்பூரவல்லி இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்த சாறு நாலைந்து சொட்டு, தேனோடு, இரண்டு நாள் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைக் காட்டிலும் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு அடைப்பை எடுப்பதே அவளுக்குப் பெரிய உதவி.

மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். தலைக்கு ஊற்றும் நாளில் பிள்ளையின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விட்டுச் சளி எடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலிலேயே தங்கி, எண்ணெயாலேயே நியுமோனியா வருகிறது. தென்னிந்திய மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதை எழுதி வருகிறார்கள். அழுகிற குழந்தையைப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து ஊற்றுவதும் அப்படித்தான். நெஞ்சில் பூசும் எண்ணெயில் கற்பூரம் கரைக்காதீர்கள். பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் செயற்கையாகத் தயாரிப்பது, சிறு துண்டு வாய்க்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் சளி தீரும்வரை நிறுத்துங்கள். புகை எந்த மரத்துப் பிசினிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்குப் புகைதான். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

இருமல் டானிக்கும் அவளுக்கு வேண்டாம். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதையொட்டி மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்பதே அந்த அறிவுரை.

அவளுக்குச் சாதாரணச் சளியா, நியுமோனியாவா என்பதை அறிய நாடி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடிகாரம் போதும். அவள் தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குள் 60. உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் கணக்கு இது. எண்ணிக்கை தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கஷாயத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். நியுமோகாக்கல் தடுப்பூசி ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணையாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். அவளுடைய அட்டையில் மூன்றும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்கும் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐ எட்டினால் ஆபத்து. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று முற்றுவது உண்டு. திடீரென்று பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தவறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ அதைக் காய்ச்சலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கபசுரக் குடிநீரைப் பற்றியும் கேட்பீர்கள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு என்று 15 சரக்கு கொண்டது. 2020-ல் தமிழ்நாடு அரசே வீடு வீடாகக் கொடுத்தது. சளிக்காய்ச்சலின் ஆரம்பத்தில் நானும் கொடுக்கிறேன். எக்ஸ்ரேயில் வெள்ளை தெரிந்த பிறகு அதை மட்டும் நம்பி யாரையும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

தாம்பரத்தை அடுத்த சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் அங்கே அருகருகே இருக்கின்றன. நெஞ்சக மருத்துவமனை 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் இல்லம். அன்று காசத்துக்கு மருந்து கிடையாது. மரநிழல், நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு இவ்வளவுதான் சிகிச்சை. மருந்து வந்த பிறகு, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. இல்லத்தில் தங்கவைத்துச் சிகிச்சை பெறும் நோயாளியும், நெருக்கடியான ஏழை வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிடும் நோயாளியும் எப்படி வேறுபடுகிறார்கள்? 1959-ல் வந்த விடை உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருப்பவரும் அதே அளவு குணமாகிறார். வீட்டு வைத்தியம் என்று நான் பெருமையோடு சொல்லும் முதல் உதாரணம் இது. வீடு, வீட்டுச் சாப்பாடு, வீட்டு ஆட்களின் கவனிப்பு எல்லாம் இருந்தன. கிருமியைக் கொல்லும் மருந்தும் தினமும் உள்ளே போயிற்று.

ஆகவே அம்மாவுக்கு ஏழு நாள் மாத்திரை முடிந்த பிறகும் கொஞ்சம் இருமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேயில் வெள்ளை மறைய ஆறு வாரம்கூட ஆகும்; அவர் வயதுக்கு அப்போது ஒரு முறை மறுபடம் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருமல் மொத்தமாக இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாலையில் இலேசான காய்ச்சல், இரவில் வியர்வை, எடை இறக்கம் இவற்றில் ஏதாவது இருந்தாலோ அரசு மருத்துவமனையில் கோழைப் பரிசோதனை செய்யுங்கள். பணம் கிடையாது. கோழை பிடிக்கும் டப்பாவை முதல் நாளே வாங்கி வந்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வருவதை அதில் துப்பச் சொல்லுங்கள். எச்சிலைக் கொடுத்தால் கிருமி இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரக்கூடும்.